குனிந்து பார்த்துச் செல்லவும்

வெள்ளைக்கரடு நகராட்சி எதையும் பார்க்காமல் விட்டுவிடுகிறது என்று யாரும் குறை சொல்ல முடியாது. பார்த்த பிறகுதான் விட்டுவிடுகிறது. போன ஆடியில் அது ‘உங்கள் முக்கு, எங்கள் கண்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஊருக்குள் எந்த முக்கில் எதிரே வருகிற வண்டி தெரியாமல் மறைக்கிறதோ, அதைக் குடியிருப்போர் கைப்பேசியில் படம் பிடித்துச் செயலியில் அனுப்ப வேண்டும். நகராட்சி ஓடி வந்து மறைப்பை எடுத்துவிடும். இந்த நல்ல செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எல்லா முக்குகளிலும் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

எங்கள் கிணத்துக்காட்டு வீதி சேலம் ரோட்டில் போய் முட்டுகிற இடத்திலும் ஒன்று வந்தது. மாட்டுவதற்குச் சிரமமே இல்லை. அங்கே கவுன்சிலர் ஜெகதீஸ்வரன் போட்டுக்கொடுத்த கம்பிச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஜனங்கள் மூங்கில் நட்டுக் கஷ்டப்படக் கூடாதென்று அவர் செய்த ஏற்பாடு அது. கல்யாணம், காதுகுத்து, சீர், கிடா வெட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அந்தச் சட்டம் சும்மா இருந்து நாங்கள் பார்த்ததில்லை. அதை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர். ஆகவே வீதியிலிருந்து ரோட்டில் ஏறுகிறவர்களுக்கு வலது கைப்பக்கம் கும்பிட்டபடி சிரிக்கிற முகங்கள் தெரியும். அந்த முகங்களுக்குப் பின்னால் வருகிற முட்டை லாரியோ போர்வெல் வண்டியோ தெரியாது. முன் சக்கரத்தை மட்டும் மெல்ல ரோட்டுக்கு நீட்டிப் பார்ப்போம். சக்கரம் தப்பித்தால் ரோடு காலி என்று அர்த்தம்.

அந்த முக்குக்குப் பக்கத்தில் மணியன் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருந்தான். அவன் மனைவி ரஞ்சனியும் கூடவே உட்கார்ந்து தைப்பாள். ஒரே மகள் மோகனப்பிரியா, பத்தாவது படிக்கிறாள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவள். திட்டம் தொடங்கிய வாரத்தில் ஒரு லாரி அவளுடைய சைக்கிளை உரசிக்கொண்டு போனது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழன்று விழுந்த மட்கார்டைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு மணியன் சோற்றைப் பிசைந்ததோடு சரி. அவன் பெரிய ஆசைக்காரன் அல்ல. தன் மகள் ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் ரோட்டைப் பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

எதிரே ஃப்ளெக்ஸிலேயே வழி எழுதியிருந்ததால் அவன் அதன்படி செய்தான். வீதிக்குள் நின்று ஃப்ளெக்ஸைப் படம் பிடித்து அனுப்பினான். படத்தில் வாகனம் எதுவும் இல்லாததால் ஆபத்து நிரூபிக்கப்படவில்லை என்று புகாரைத் திருப்பிவிட்டார்கள். சட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வருகிற லாரியைப் படம் பிடித்து அனுப்பினான். படத்தில் லாரி நன்றாகத் தெரிவதால் மறைப்பு எதுவும் இல்லை என்று அதையும் திருப்பிவிட்டார்கள். மணியன் இரண்டு பதில்களையும் மாற்றி மாற்றிப் படித்தான். இரண்டுமே சரியாகத்தான் இருந்தன. அதுதான் அவனைக் குழப்பியது.

நேரில் போய்க் கெஞ்சிய பிறகு உதவிப் பொறியாளர் கௌசிக் ஆய்வுக்கு வந்தார். சின்ன வயது, நல்ல படிப்பு, யாரையும் ஒருமையில் பேசாதவர். அவர் வருவதற்கு முன்பே ஒரு போலீஸ்காரர் வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார். கௌசிக் முக்கில் நின்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், போக்குவரத்தே இல்லாத இடம் என்று எழுதிக்கொண்டார்.

“சார், வண்டியெல்லாம் நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கறீங்க” என்றான் மணியன்.

“பின்ன நிறுத்தாம எப்படிங்க நான் ரோட்டுல நிக்கறது? இது ஆபத்தான முக்குன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கறீங்க” என்றார் கௌசிக்.

ஆனாலும் அவர் கடமையில் குறை வைக்கவில்லை. பேன்ட் மடிப்புக் கலையாமல் குனிந்து, ஃப்ளெக்ஸுக்கு அடியில் ஒரு முழம் சந்து இருப்பதையும் அதன் வழியாக நிற்கிற லாரிகளின் டயர் தெரிவதையும் கண்டுபிடித்தார். மணியனையும் குனியச் சொல்லிக் காட்டினார். எங்களில் சிலரையும் குனிய வைத்தார். டயர் தெரிந்தது உண்மைதான். இவ்வளவு நாளாக நாங்கள் குனியாமல் இருந்ததே பிரச்சினை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வாரமே ‘குனிந்து பார்த்துச் செல்லவும் – நகராட்சி’ என்று தகரப் பலகை ஒன்று வந்தது. அதை ஃப்ளெக்ஸுக்கு அடியில் இருந்த அந்த ஒரு முழம் சந்தில் அளவாகப் பொருத்தினார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

மணியன் கவுன்சிலரிடம் போனான். ஜெகதீஸ்வரன் இளகிய மனசுக்காரர். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் உருண்டைக் கண்ணாடி ஒன்று வைத்தால் வருகிற வண்டி அதில் தெரியும் என்று மணியன் சொன்னதும், தானே வாங்கி வைப்பதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். சொன்னபடி மேளம் வைத்துத் திறந்தும் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அதில் பெயர் எழுதித்தான் கொடுப்பார்கள். எங்கள் மாரியம்மன் கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் குடும்பத்துப் பெயர்களைத் தாண்டி வெளிச்சம் வெளியே வருவதற்குத் திணறும். கண்ணாடியிலும் அப்படியே ‘உபயம்’ என்று தொடங்கி, கவுன்சிலர், அவர் அப்பா, அம்மா, வார்டு எண், அவருடைய படம் என்று எல்லாம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் வளையல் அகலத்துக்குக் கண்ணாடி மிச்சம் இருந்தது. அதில் மணியன் பார்த்தபோது வானமும் ஒரு காக்காயும் தெரிந்தன.

பெயரைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டிருக்கலாமே என்று அவன் தலையைச் சொறிந்தபடி கேட்டான். கவுன்சிலர் கோபப்படவில்லை. “ஏப்பா மணியா, லாரி வரும், போகும். பேரு நிக்கோணுமில்ல?” என்றார்.

அதன் பிறகு அவன் நகராட்சி ஆணையரின் குறைதீர் கூட்டத்துக்குப் போனான். துணைக்கு வீதிக்காரர்கள் நாங்கள் சிலரும் போனோம். ஆணையர் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கடைசியில் மேசைமேல் கையை ஊன்றிப் பேசினார்.

“அந்த முக்கு ஆபத்தானதுன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா நான் நம்புனாப் பத்தாதுங்க, அரசாங்கம் நம்போணும். மூணு உயிர் போயிருந்தா அது விபத்துப் பகுதி. உடனே நிதி வரும், ஆள் வரும், எல்லாத்தையும் பேத்தெடுத்துடலாம். உங்க முக்குல இதுவரைக்கும் ரெண்டுதான் ஆகியிருக்குது. ஒண்ணு குறைய இருக்கறப்ப நான் உங்களுக்குச் செஞ்சு குடுத்தா, மூணையும் முறையாக் குடுத்துட்டுக் காத்திருக்கற மத்த முக்குக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அவசரப்படாதீங்க. நம்பிக்கையோட இருங்க.”

நாங்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஒன்றுதான் குறைகிறது என்பது எங்களுக்குத் தெம்பாகத்தான் இருந்தது. வரும் வழியில் எல்லோருக்கும் ஒரே ஆளின் ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும்.

சின்னண்ணன் எண்பதைத் தாண்டியவர், ஒரு காது கேட்காது. காலையில் ரோட்டைத் தாண்டிப் போய் டீ குடித்துவிட்டு வருவார். அதுவரைக்கும் வீதியில் யாராவது அவர் கையைப் பிடித்துக் கடத்திவிடுவது வழக்கம். கூட்டத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை வந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அது தானாக நடந்தது. அந்தக் கடையில் வடையும் நன்றாக இருக்கும் என்று ஒருவர் அவரிடம் சொன்னார். சாயங்காலமும் ஒரு நடை போய் வந்தால் உடம்புக்கு நல்லது என்று இன்னொருவர் சொன்னார். மணியன் மட்டும் தைக்கிற ஊசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். முக்குக்காகப் புகார் கொடுத்தவனே இப்படிச் செய்கிறானே என்று எங்களில் சிலருக்கு அவன்மேல் எரிச்சல்தான். ஆனால் மணியன் பிடிக்காத நாட்களிலும் சின்னண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் கைத்தடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். லாரிகள் கிறீச்சிட்டு நிற்கும். வடை தின்று தின்று அவர் ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் பொறியாளர் கௌசிக், மணியன் மேல் இரக்கப்பட்டு, அலுவலக ரகசியம் ஒன்றைச் சொன்னார். புகார் ஏற்கப்பட வேண்டுமானால் மறைக்கிற பொருளும் மறைக்கப்படுகிற லாரியும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். மணியன் முக்கில் நின்று பார்த்தான், கடை மேல் ஏறிப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சேலம் ரோட்டின் நட்ட நடு.

ஒரு நாள் முற்பகலில் அவன் ரோட்டு நடுவில் வெள்ளைக் கோட்டின் மேல் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். எதிரே முட்டை லாரி ஒன்று வந்தது. அது ஃப்ளெக்ஸை நெருங்குகிற வரைக்கும் அவன் அசையாமல் காத்திருந்தான். அவனுக்குப் பின்பக்கமிருந்து ஒரு போர்வெல் வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் ஹாரன் அடித்ததாகவும், அந்த ஆள் திரும்பாமலேயே, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டியதாகவும் பிறகு போலீஸில் சொன்னார். பொய்யாக இருக்காது. மணியன் யாரிடமும் அப்படித்தான் மரியாதையாகக் கேட்பான்.

கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் பிசிறில்லாமல் விழுந்திருந்தது. ஃப்ளெக்ஸ் ஒரு பாதி, லாரி ஒரு பாதி. அன்று சாயங்காலம் அவன் மகள் கையால் அது புகாரோடு போய்ச் சேர்ந்தது. செயலி முதல் முறையாக அவனுடைய புகாரை ஏற்றுக்கொண்டது.

ரஞ்சனி மண்ணில் புரண்டு அழுதாள். மோகனப்பிரியா அழக்கூடச் செய்யாமல் அப்பாவின் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தலும் நாற்காலியும் நாங்களே போட்டோம். நல்ல மனுஷன். ஆனால் பந்தலுக்கு வெளியே நின்றிருந்தவர்களில் யாரோ மெதுவாக, “மூணாச்சு” என்றார்கள். யாரும் அவரை அதட்டவில்லை.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அந்த ரோட்டில் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நகராட்சி. அந்தப் பக்கம் வேறொரு துறை. கௌசிக் டேப் பிடித்து அளந்து பார்த்ததில், மணியனின் இரண்டு கால்களும் நகராட்சியில் கிடந்தன, இடுப்புக்கு மேலே அந்தத் துறையில் கிடந்தது. துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்த ஆணையர், அதை ரஞ்சனியிடம் மிகவும் பதமாக எடுத்துச் சொன்னார்.

“நீ தப்பா எடுத்துக்கக் கூடாதம்மா. கால்ல ஒரு கீறல்கூட இல்லை. நம்ம எல்லையில இருந்த வரைக்கும் அவரு நல்லாத்தான் இருந்திருக்கறாரு. இந்த உயிரை நம்ம கணக்குல நான் எப்படிச் சேக்கறது?”

கணக்கு மறுபடியும் ஒன்று குறைவிலேயே நின்றது. சின்னண்ணன் சாயங்கால டீக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

மணியனுக்கு வீதி சார்பில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைப்பது என்று முடிவானது. எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒருவனை அனுப்பினால், அவனுக்கு ஆளே இல்லை என்று பேசுவார்கள். முக்குக்காக உயிரை விட்டவனுக்கு எந்த இடத்தில் வைப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய அளவில் அடித்தோம். மேல் வரிசையில் தலைவர்கள், அடுத்த வரிசையில் கவுன்சிலரும் அவர் வீட்டாரும், அதற்கும் அடுத்ததில் நாங்கள் எல்லோரும் வட்டம் வட்டமாக, குழந்தைகள் உட்பட. இவ்வளவு பேரும் ஏறிய பிறகு மணியனுக்குக் கீழேதான் இடம் இருந்தது. இடுப்பு உயரத்தில், கும்பிட்டபடி, ஒரு பெரிய தாம்பாளம் அளவு முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். ‘பார்வைக்காகப் போராடிய பாசத்தின் சிகரம்’ என்று எழுதியிருந்தோம். ஃப்ளெக்ஸ் சட்டத்தைத் தாண்டியும் அகலமாக இருந்ததால் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் இழுத்துக் கட்டினோம். முன்பு அந்த இடுக்கில் கொஞ்சம் ரோடு தெரிந்துகொண்டிருந்தது.

காரியம் முடிந்த பிறகு ரஞ்சனி மகளைச் சைக்கிளில் விடவில்லை. தன்னுடைய மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துத் தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். முதல் நாள் முக்கில் வண்டியை நிறுத்தி வலது பக்கம் திரும்பினாள். புருஷன் சிரித்துக்கொண்டு நின்றான். அவளையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“மாமா, கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க” என்றாள்.

பின்னால் இருந்த மோகனப்பிரியா, “அம்மா, அது ஃப்ளெக்ஸ்மா” என்றாள். அதன் பிறகு முன் சக்கரத்தை நீட்டி ரோட்டில் ஏறினார்கள்.

அந்த ஃப்ளெக்ஸை எடுத்துவிடச் சொல்லி ரஞ்சனி கௌசிக்கிடம் போனாள். அவர் கணினியில் தேடிப் பார்த்தார். அந்த முக்கைப் பற்றி ஏற்கெனவே ஒரு புகார் ஏற்கப்பட்டு நிலுவையில் இருந்தது, கொடுத்தவர் மணியன். விதிப்படி அடுத்த நடவடிக்கை, பார்வையை மறைத்துக்கொண்டு நிற்பவர் யார் என்று நேரில் பார்த்து உறுதி செய்வது. அலுவலகத்து ஆள் போய்ப் பார்த்து வந்து சொன்ன பெயரும் மணியன்.

“புகார் குடுத்தவரே மறைச்சுக்கிட்டு நின்னா நாங்க என்னங்க பண்றது?” என்று கௌசிக் உண்மையான சங்கடத்தோடு கேட்டார்.

“அவரு செத்துப்போயிட்டாருங்க சார்.”

“எனக்குத் தெரியாதுங்களா? நான்தானே டேப் புடிச்சேன். ஆனா எதிர்த் தரப்பைக் கேக்காம அப்புறப்படுத்துனா நாளைக்கு அவரு கோர்ட்டுக்குப் போனார்னா நிக்காதுங்க.”

ஆகவே, பொது இடத்தில் நின்று பார்வையை மறைத்ததற்கு ஏன் அப்புறப்படுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டு மணியனுக்கு நோட்டீஸ் போனது. ஆள் வீட்டில் இல்லாததால், அவன் நிற்கிற இடத்துக்கே வந்து, கும்பிட்ட கைகளுக்குக் கீழே பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்கள். பதில் வருகிற வரைக்கும் யாரும் அவனைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மணியன் பதில் சொல்லவில்லை. நோட்டீஸ் வெயிலில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் ரஞ்சனி சக்கரத்தை நீட்டியபோது சிமெண்ட் லாரி ஒன்று அதை அறைந்துவிட்டுப் போனது. மொபெட் சாய்ந்தது. மோகனப்பிரியாவின் பையை லாரியின் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டது. பையின் வார் அவள் தோளிலிருந்து நழுவியதால் அவள் இந்தப் பக்கம் கிடந்தாள். ரஞ்சனி மகளைத் தூக்கி நிறுத்தி, தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். பிறகு மொபெட்டின் பெட்டியைத் திறந்து, கடைக் கத்தியை எடுத்தாள்.

தார்ப்பாய்க் கடைக்காரிக்கு ஃப்ளெக்ஸ் புதிதல்ல. விசேஷம் முடிந்த ஃப்ளெக்ஸ்களை எடைக்கு வாங்கி, வெட்டித் தைத்து, மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் கொடுப்பது அவர்கள் கடையில் தினப்படி வேலை. எத்தனையோ மாப்பிள்ளைகளையும் தலைவர்களையும் அவள் கண் இமைக்காமல் குறுக்கே கிழித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் கத்தி அவள் கையில் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு காதோரத்தில் குத்தி, தாடை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, நெற்றியில் முடித்து, மணியனின் முகத்தை முழுசாக வெட்டி எடுத்தாள். கீழே போடவில்லை. சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். முகம் இருந்த இடத்தில் ஓட்டை. குனிந்து அதன் வழியாகப் பார்த்தாள். பெட்ரோல் பங்க் வரைக்கும் ரோடு தெரிந்தது. ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அது போகும்வரை நின்று, போன பிறகு, மகளை ஏற்றிக்கொண்டு போனாள்.

வீதி கொதித்துவிட்டது. வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கட்டின புருஷன் முகத்தையே கத்தியால் அறுத்துவிட்டாளே என்று பெண்கள் வாசலில் நின்று பேசினார்கள். எங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டாலும் எங்களுக்கும் மனசு ஆறவில்லை. கவுன்சிலர் ஒரு வார்த்தை சொன்னதும், ஆடி மாதத்திலிருந்து மறைப்பை எடுக்க வராத நகராட்சி மத்தியானத்துக்குள் ஜீப்பில் வந்து இறங்கியது. நோட்டீஸ் நிலுவையில் இருக்கும் எதிர்த் தரப்பைச் சேதப்படுத்தியதாக அவள்மேல் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் சாயங்காலம் வரைக்கும் அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

அவளைத் திட்டிக்கொண்டே நாங்கள் வேலைவெட்டிக்குக் கிளம்பினோம். முக்கில் வண்டியை நிறுத்தினோம். குனிந்தோம். மணியன் முகத்து வழியாகப் பார்த்தோம். லாரி இல்லையென்று உறுதியான பிறகு போனோம். அவளைப் பற்றி அதிகமாகப் பேசிய பெண்ணும் பால் கேனோடு அப்படித்தான் போனாள். ‘குனிந்து பார்த்துச் செல்லவும்’ என்று நகராட்சி எழுதி வைத்தது முதல் முறையாகப் பலித்தது.

இது ஆணையர் காதுக்கு எட்டியது. அவரே வந்தார், வண்டிகளை நிறுத்திவிட்டுக் குனிந்தார், எழுந்தபோது முகம் மலர்ந்திருந்தது. ரஞ்சனிமேல் கொடுத்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார். இது ‘உங்கள் முக்கு, எங்கள் கண்’ திட்டத்தின் முதல் வெற்றி என்றும், இதற்கு ‘பார்வை ஜன்னல்’ என்று பெயர் என்றும் அங்கேயே அறிவித்தார். அடுத்த வாரம் பந்தல் போட்டுத் திறப்பு விழா. ஓட்டைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, வெட்டுவதற்கு ரஞ்சனியை அழைத்தார்கள். திரும்பப் பெறுகிற காகிதம் இன்னும் போகவில்லை, வரவில்லையென்றால் கேஸ் உயிரோடுதான் இருக்கும் என்று கௌசிக் அன்பாக ஞாபகப்படுத்தியதால் வந்தாள்.

மேடையில் ஆணையர் உருக்கமாகப் பேசினார். “சாவு யாருக்கும் வரும். ஆனா செத்த பொறவும் வழி காட்டறது ஒரு சிலருக்குத்தான் வாய்க்கும். இனிமே நம்ம நகராட்சியில வைக்கிற எல்லாக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுலயும் இறந்தவர் முகத்தை வெட்டி எடுத்துட்டுத்தான் வைக்கோணும். அவங்க ஆட்சேபிக்க மாட்டாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கும் தலைவர்களுக்கும் இதுல முழு விலக்கு உண்டு. உயிரோட இருக்கறவரு முகத்துல கத்தி வெக்கறது நம்ம பண்பாடு இல்லை.”

கைதட்டல் ஓய்ந்ததும், ஏதாவது சொல்லும்படி மைக்கை ரஞ்சனியிடம் நீட்டினார்கள். அவள் மைக்கை வாங்காமல் ஆணையரைப் பார்த்துக் கேட்டாள்.

“சார், அந்தக் கம்பிச் சட்டத்தையே எடுத்துட்டாப் போதுமுங்க. என்ற புள்ள நேராப் பாத்துட்டுப் போயிருமுங்க.”

ஆணையர் அவளைப் பரிவோடு பார்த்தார். “சட்டத்தை எடுத்துட்டா ஜன்னலை எங்கம்மா மாட்டறது?” என்றார்.

கூட்டம் சிரித்தது. ரஞ்சனி ரிப்பனை வெட்டினாள்.

மறுநாள் காலையில் அவள் மகளோடு முக்குக்கு வந்தபோது, ஜன்னலைத் தந்த ஆணையருக்கு நன்றி சொல்லிக் கவுன்சிலர் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார். மணியன் இருந்த சட்டத்தை அவர் தொடவில்லை. அது இப்போது நகராட்சியின் சாதனை. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் புதிதாக இன்னொரு சட்டம் நட்டு, குனிந்து பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நேராக வரும்படி அளவெடுத்து மாட்டியிருந்தார். ரஞ்சனி குனிந்தாள். மணியன் முகம் இருந்த வட்டத்துக்குள் அச்சாக ஆணையர் முகம் பொருந்தியிருந்தது. அவருக்குப் பின்னால் எங்கோ ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை.

“எறங்கு கண்ணு” என்றாள் மகளிடம்.

மொபெட் பெட்டியைத் திறந்தாள். சுருட்டி வைத்த முகம் மேலாக இருந்தது, கத்தி அதற்கு அடியில் இருந்தது. முகத்தை எடுத்து மோகனப்பிரியாவின் கையில் கொடுத்தாள்.

“அப்பாவைக் கசங்காமப் புடிச்சுக்க.”

ஆணையர் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் உயிரோடு இருப்பவர், அவருக்கு முழு விலக்கு உண்டு என்று முந்தின நாள்தான் அவளும் மேடையில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். ரஞ்சனி ஜன்னலுக்குள் கையை விட்டு அவருடைய காதோரத்தில் கத்தியை வைத்தாள்.